இரண்டு மேடையிலும் அண்ணி

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. கணவனும் கொழுந்தனும் பேசிக்கொள்வதை நிறுத்தியதிலிருந்து, ஒருவர் சொல்வதை மற்றவரிடம் கொண்டுபோவதும் அவள் தலையில்தான் விடிந்திருந்தது.

இருவரும் முன்பு ஒரே சிவப்புக் கொடியைப் பிடித்தவர்கள். ஆலைகளை அரசாங்கம் நடத்த வேண்டும் என்றான் அண்ணன். தொழிலாளர்களே கூட்டாக நடத்த வேண்டும் என்றான் தம்பி. அதில் கட்சி இரண்டானது, கூடவே வீடும். இருவரும் முழுநேரக் கட்சி ஊழியர்கள். தையல் ஆலையில் முதுகொடிய உழைத்து இருவருக்கும் சோறு போட்டவள் அவள்.

அந்த ஆலையைத்தான் இப்போது மூடப்போகிறார்கள். மாலையில் ஆலை வாசலில் இரண்டு கட்சிக்கும் கூட்டம்.

"எங்க மேடையில நீ பேசறே. பேரு குடுத்தாச்சு," என்றான் கணவன்.

"அண்ணி எங்க மேடையில பேசறாங்கன்னு நேத்தே சொல்லிட்டேன். அவர்கிட்ட சொல்லிடுங்க அண்ணி," என்றான் கொழுந்தன், அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பை அணைத்தாள்.

"நான் தம்பி கட்சி மேடையிலதாங்க பேசுவேன். முதலாளி போயிட்டாலும் அந்த மெஷினை ஓட்டத் தெரிஞ்சவங்க நாங்க இருக்கோம். உங்க ஆட்சி வர்ற வரைக்கும் எங்க வயிறு காத்திருக்காது."

கணவனின் முகம் கறுத்தது. "கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே..."

"குழி பறிச்சேனா? உங்க ரெண்டு பேரு அரசியலும் என் உழைப்புல நடந்ததுதானேங்க..."

கொழுந்தன் வெற்றிச் சிரிப்பு சிரித்தான். அவள் விடவில்லை.

"நீ சிரிக்காத தம்பி. உன் கட்சி சொல்றது சரி. நீ செய்யறது சரியில்ல. வேலை செய்யறவங்கதான் முடிவெடுக்கணும்னு மேடையில முழங்கறே. இந்த வீட்டுல வேலை செய்யறவ நான். என்னைக் கேட்டியா? ஊருக்குத்தான் உபதேசமா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மாலையில் பேசினாள். முதலில் நாக்கு குழறியது. தன்னோடு தைக்கும் பெண்கள் கைதட்டியதும் வார்த்தை தானாக வந்தது. எதிர் மேடையில் கணவனின் நாற்காலி காலி. அவன் அவள் பேசிய கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் இருக்கிறது கச்சேரி என்று அவள் பயந்தாள்.

வீடு திரும்பினால், கொழுந்தன் அடுப்பில் காய்ந்த கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கணவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு கட்சியும் சேர்ந்து நாளைக்கு ஆலை வாசல்ல உக்காரலாம்னு பாக்கறோம். இவனும் சரிங்கறான்," என்ற கணவன் சற்றுத் தயங்கினான். "நீ என்ன சொல்றே?"

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். வெகுநேரம் கழித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"முதல்ல எனக்கு ஒரு டீ போடுங்க. யோசிச்சுச் சொல்றேன்."