வரப்புக்கு அந்தப் பக்கம் எப்படி?

காலை ஆறு பத்துக்கு நெல் பேசியது.

அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. டெல்டாவில் பதினைந்து வருடங்களாக நெல் ஆறு பத்துக்குத்தான் பேசுகிறது. உளுந்து ஆறரைக்கு. கரும்புக்கு மட்டும் நேரங்காலம் கிடையாது. எந்நேரமும் தண்ணீர் பற்றவில்லை என்ற ஒரே பேச்சுதான் என்பதால் கரும்பு போட்டவர்கள் ஒலியைக் குறைத்து வைத்துவிட்டார்கள்.

"ஐயா, வணக்கம். பயிருக்கு இன்னியோட நாப்பத்தோரு நாள். தழைச்சத்து கம்மியா இருக்கு. கிழக்கு மூலையில தண்ணி ரெண்டு விரக்கடை ஏறணும். அப்புறம்..."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் ஐயாறப்பன், வாயில் பற்பசை நுரையோடு. "அந்தப் பக்கம் எப்படி?"

அந்தப் பக்கம் என்றால் வரப்புக்கு அந்தப் பக்கம். அங்கே இருப்பது அவருடைய சகலை மயூரநாதனின் வயல். ஐயாறப்பனின் மனைவி அபயத்துக்கு அக்கா வர்த்தினி. வர்த்தினியைக் கட்டியவர் மயூரநாதன். மாமனார் தன்னிடமிருந்த இரண்டு ஏக்கருக்கு நடுவில் ஒரு வரப்பைப் போட்டு, பெண்களுக்கு ஆளுக்கொரு ஏக்கர் என்று கொடுத்துவிட்டார். ஒரே மண், ஒரே வாய்க்கால், ஒரே விதை. ஆனாலும் மூன்று சம்பாவாக மயூரநாதனுக்கு அறுபத்தெட்டு மூட்டை, ஐயாறப்பனுக்கு அறுபத்தாறு.

அறுபத்தாறு மூட்டை சாதாரணமில்லை. ஐயாறப்பனின் அப்பா காலத்தில் ஏக்கருக்கு நாற்பது மூட்டை கண்டவருக்கு நடையே மாறிவிடும். ஆனால் அப்பா காலத்து நாற்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐயாறப்பனால் முடியவில்லை. பக்கத்தில் அறுபத்தெட்டு நின்றுகொண்டிருந்தது.

"அங்க குத்துக்கு முப்பத்திரண்டு தூர் கட்டியிருக்குங்க. நம்மகிட்ட முப்பது."

அன்றைக்கு அவருக்கு இட்லி இறங்கவில்லை.

நெல் பேசுவதற்குக் காரணம் வேர்வாய். மண்ணுக்குள் தலைமுடியைவிட மெல்லிய பூஞ்சை நூலை வளரவிடுவார்கள். அது ஒவ்வொரு வேரையும் சுற்றிக்கொண்டு, பயிருக்கு என்ன குறை என்று கேட்டு வரும். வரப்புத் தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் இருப்பது வயல்மதி. நூல் கேட்டு வந்ததை அது மனிதப் பேச்சாக மாற்றிச் சொல்லும். பூச்சிகள் வரப்பை மதிப்பதில்லை என்பதால் நூலும் வரப்பை மதிக்காமல் அடுத்த வயல் நூலோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். ஒரு வயலில் பூச்சி இறங்கினால் அடுத்த வயலுக்குச் சேதி போய்விடும். அந்தப் பயிர் முன்கூட்டியே தண்டையும் இலையையும் தடிமனாக்கிக்கொண்டு தயாராக நிற்கும். இதற்கு வேளாண் துறை வைத்த பெயர் அக்கம்பக்க எச்சரிக்கை.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒருவருக்குத் தானியம் முக்கியம், ஒருவருக்கு வைக்கோல் முக்கியம், ஒருவருக்கு வாசனை முக்கியம். எது முக்கியம் என்று வயல்மதிக்கு எப்படித் தெரியும்? மூன்று நிபுணர்கள் நான்கு வருடம் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். உழவர் எதை அதிகமாக விசாரிக்கிறாரோ அதுவே வயல்மதியின் குறிக்கோள். உழவர் விளைச்சலைப் பற்றித்தான் விசாரிப்பார் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அந்த மூவரில் ஒருவருக்கும் சகலை இல்லை.

"நம்ம நெல்லு நாலு நாளா தழைச்சத்து தழைச்சத்துன்னு கேக்குது. அதுக்கு ஒரு பதில் சொல்லக் கூடாதா?" என்றாள் அபயம்.

"அங்க உரம் வச்சுட்டாரான்னு முதல்ல உங்க அக்காகிட்ட கேளு."

மயூரநாதன் கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் நல்லவர். மாமனார் வீட்டுப் பந்தியில் மூத்த மாப்பிள்ளை என்று முதல் இலை அவருக்குத்தான் விழும்; தன் அப்பளத்தை எடுத்து ஐயாறப்பன் இலையில் வைப்பார். வரப்பில் பார்த்தால், "தம்பி, உங்க பயிரு பச்சை நல்லாருக்கே" என்பார். பச்சை நல்லாருக்கு என்றால் என்ன அர்த்தம், மற்றதெல்லாம் நன்றாக இல்லை என்றா, என்று யோசிப்பதிலேயே ஐயாறப்பனுக்கு இரண்டு நாள் போய்விடும். அவர் ஒருமுறைகூட இவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை; அதுதான் இவருக்குக் கோபம்.

அறுபத்திரண்டாம் நாள் வயல்மதி தழைச்சத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டது. வணக்கம் சொன்ன கையோடு, "அந்தப் பக்கம் முப்பத்தொண்ணு தூர்" என்று நேரே விஷயத்துக்கு வந்தது. ஐயாறப்பனுக்குத் திருப்தி. இப்போதுதான் இதற்குப் பொறுப்பு வந்திருக்கிறது என்று அபயத்திடம் சொன்னார்.

கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். ஒரு காலை வயல்மதி சொன்னது: "அந்தப் பக்கம் பால் சரியாப் பிடிக்கலைங்க. பாதிக்கு மேல பதராப் போகும்."

ஐயாறப்பன் பல் துலக்குவதை நிறுத்தினார். "ஏன்?"

"புகையான் வருதுன்னு சொல்லி வச்சேன்."

புகையான் என்பது தண்டின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் சின்னத் தத்துப்பூச்சி. அது இறங்கிய வயல் தீயில் கருகினாற்போல ஆகிவிடும். பெயரைக் கேட்டாலே டெல்டாவில் ஆட்கள் வயலுக்கு ஓடுவார்கள்.

"வருதா?"

"இல்லைங்க. பத்து நாளா தினம் நாலு தடவை சொல்றேன். அந்தப் பயிரு தண்டைத் தடிக்க வச்சுக்கிட்டு காவல் நிக்குது. கதிருக்குச் சத்து அனுப்ப அதுக்கு நேரமில்லை."

"நான் சொல்லச் சொன்னேனா?"

"சொல்லலைங்க. ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னுதான் தினம் கேட்டீங்க. நம்ம பக்கம் ஒரு மூட்டை ஏத்துறதுக்கு இருபது நாள் ஆகுது. அந்தப் பக்கம் ஒரு மூட்டை இறக்குறதுக்கு ஒரு நாள் போதும்."

ஐயாறப்பன் வயலுக்குப் போனார். வரப்புக்கு அந்தப் பக்கம் மயூரநாதன் குந்தி உட்கார்ந்து ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியரிடம் குழந்தையைக் காட்ட வந்தவர் முகம் மாதிரி இருந்தது. கதிர் முற்ற இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நிறுத்து என்று வயல்மதியிடம் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பயிர் தேறிவிடும். ஐயாறப்பன் தொண்டையைச் செருமினார். பிறகு பெட்டிப் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"தழைச்சத்து கேட்டியே. எவ்வளவு வேணும்?"

அறுவடைப் பரிசோதனைக்குப் புள்ளியியல் அதிகாரி பூங்கோதை வந்தார். தும்பி மாதிரி ஒரு பறக்கும் கருவி வயலின் மேல் சுற்றி, ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் ஒன்றை ஒளியால் வரைந்து காட்டியது. அந்தச் சதுரத்தைக் கதிர் அரிவாளால்தான் அறுக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. விதியைத் திருத்த யாருக்கும் நேரம் கிடைக்காததால், நிலவுக்குப் போய்வந்த ஒரு பொறியாளர் அரிவாளோடு வந்திருந்தார்.

எந்த வயல்மதி மாநிலத்திலேயே கெட்டிக்காரத்தனமானது என்று கண்டுபிடிக்கத் துறை ஒரு வழி வைத்திருந்தது. மொத்த விளைச்சலைப் பார்த்தால் நல்ல மண்ணுக்காரர்களே ஜெயிப்பார்கள். ஆகவே ஒரே மண், ஒரே தண்ணீர் உள்ள பக்கத்து வயலைவிட எத்தனை மூட்டை அதிகம் என்று பார்ப்பார்கள். வித்தியாசம் எங்கே அதிகமோ, அந்த வயல்மதி தாய்மதி. அடுத்த போகத்தில் மாநிலத்தின் எல்லா நெல்வயல்களுக்கும் அதன் பழக்கவழக்கங்கள் அப்படியே பிரதி எடுத்து ஏற்றப்படும்.

இந்தப் பக்கம் அறுபத்தேழு. அந்தப் பக்கம் முப்பத்தொன்பது.

இருபத்தெட்டு மூட்டை வித்தியாசம் மாநிலத்தில் வேறெங்கும் இல்லை. பூங்கோதை கைகுலுக்கினார். மயூரநாதன் ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினார். கையில் எதுவும் மிஞ்சவில்லை. கையைத் தட்டிவிட்டு வரப்பைத் தாண்டி வந்தார்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. என்ன பண்ணீங்கன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க."

ஐயாறப்பன் அந்த முகத்தில் இண்டு இடுக்கு விடாமல் தேடினார். தேடிய பொறாமை இல்லை. வென்ற சந்தோஷத்தில் பாதி அங்கேயே வடிந்துவிட்டது.

பதிவேட்டுக்காகப் பூங்கோதை கேட்டார்: "தனியா என்ன செஞ்சீங்க?"

"தினம் காலையில தவறாம விசாரிப்பேங்க."

நெருக்கமான கண்காணிப்பு என்று பூங்கோதை எழுதிக்கொண்டார். "யாரை விசாரிச்சீங்கன்னும் சொல்லுங்க" என்று அபயம் முணுமுணுத்தது பதிவேட்டில் ஏறவில்லை.

குறுவைக்குள் தாய்மதி எல்லா வயல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மயூரநாதன் வயலுக்கும்தான், அவர் அதற்கு மாலை போட்டு வரவேற்றதாக வர்த்தினி போனில் சொன்னாள். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வயலும் தன் நாலு பக்கத்து வயல்களுக்கும், புகையான் வருகிறது என்று தினம் நாலு தடவை சொல்ல ஆரம்பித்தது. கேட்ட வயல்கள் அடுத்த வயல்களுக்குச் சொல்லின. கும்மிடிப்பூண்டியிலிருந்து குமரிவரை அத்தனை நெல்லும் தண்டைத் தடிக்க வைத்துக்கொண்டு காவல் நின்றது. வராத ஒரு பூச்சியிடமிருந்து ஒரு மாநிலம் இவ்வளவு பத்திரமாக இருந்ததே இல்லை.

ஏக்கருக்குச் சராசரி இருபத்தைந்து மூட்டை.

கலவரம் வரும் என்று நினைத்துத்தான் பூங்கோதை திருப்திக் கணக்கெடுப்புக்குக் கிளம்பினார். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் திருப்தி என்றார்கள். நல்ல விளைச்சல் வருடங்களில்கூட அந்த எண் முப்பதைத் தாண்டியதில்லை. காரணம் என்ற கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் எழுதச் சொன்னது ஒன்றேதான்: பக்கத்து வயலிலும் அவ்வளவுதான். துறையின் விளைச்சல் படிவத்தில் வித்தியாசத்துக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. அதில் அரை மூட்டை என்று நிரப்பி, ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய ஒழிந்தது என்று அறிக்கை போனது.

ஐயாறப்பனுக்கு இருபத்தைந்தரை. மயூரநாதனுக்கு இருபத்தைந்து. ஐயாறப்பன் காலையில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த இட்லிக்கு அரிசி கடையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

ஐப்பசியில் மாமனாருக்கு எண்பதாம் கல்யாணம். திருக்கடையூரில் மண்டபம் பிடித்திருந்தார்கள். பந்தியில் வழக்கம்போல முதல் இலை மயூரநாதனுக்கு, அடுத்த இலை ஐயாறப்பனுக்கு. சாதம் விழுந்தது. நீளமான, முழுசு முழுசான, ஒன்றோடொன்று ஒட்டாத சாதம். ஐயாறப்பன் ஒரு பருக்கையை விரலால் தனியே நகர்த்திப் பார்த்தார்.

"அரிசி எங்கேருந்து வருது?"

"வடக்கேருந்துங்க" என்றார் பரிமாறுகிறவர். "நம்ம பக்கம் கல்யாணத்துக்குக் காணுற அளவுக்கு நெல்லு ஏது? அங்க ஏக்கருக்கு எழுபது மூட்டையாம். வேர்வாயெல்லாம் கிடையாதாம். சும்மா போட்டாலே விளையுதாம்."

ஐயாறப்பனின் கை சாம்பாரில் நின்றது. பக்கத்து இலையிலும் ஒரு கை நின்றிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். நாலு வருடமாக வரப்புக்கு வரப்பு அவர் தேடிக் கிடைக்காத அந்தப் பொருள், மயூரநாதனின் முகத்தில் தெளிவாக, கண்ணும் மூக்கும் வைத்தாற்போல உட்கார்ந்திருந்தது.

"எழுபதா?" என்றார் மயூரநாதன்.

"ஆமாண்ணே" என்றார் ஐயாறப்பன்.

"சும்மா போட்டாலே விளையுதாமா?"

"அப்படித்தான் சொல்றாங்கண்ணே."

மயூரநாதன் தன் இலையை ஐயாறப்பன் பக்கம் நகர்த்திக்கொண்டார். ரசம் வந்ததும் போனதும் இருவருக்கும் தெரியவில்லை. பாயசம் வரைக்கும் தலையோடு தலை சேர்த்துக்கொண்டு பேசினார்கள். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த வர்த்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர்கள் இரண்டு பேரும் இப்படி ஒற்றுமையாக இருந்து பார்த்ததில்லை என்று தங்கையிடம் சொன்னாள். அபயம் பாயசத்தைக் குடித்தாள்.

மறுநாள் காலை ஆறு பத்து.

"ஐயா, வணக்கம். அந்தப் பக்கம்..."

"அண்ணன் வயலை விடு" என்றார் ஐயாறப்பன். "வடக்க எப்படி?"

"கேட்டுட்டேங்க. நேத்து சாயங்காலமே அந்தப் பக்கத்துப் பெரிய ஐயாவும் அவங்க வயலை இதேதான் கேட்டாங்களாம். ராத்திரியிலேருந்து மாநிலம் பூராவும் இந்தக் கேள்விதான். கும்மிடிப்பூண்டி வயலோட நூலு எல்லையைத் தாண்டி ஒண்ணரை முழம் போயிருச்சு."

ஐயாறப்பன் வாய் கொப்பளித்தார்.

"எவ்வளவு நாளாகும்?"

"நம்ம பக்கம் ஏத்தணும்னா சொல்றது கஷ்டங்க. வடக்க இறக்குறதுன்னா ஒரு போகம் பொறுத்துக்கங்க."

பொறுத்துக்கொள்வதாக ஐயாறப்பன் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இட்லிக்கு உட்கார்ந்தார். வடக்கத்தி அரிசியில் இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு வைக்கச் சொன்னார்.