ஏணியைப் பிடிச்சிருக்கீங்களா?

மரம் கழிப்பவன் காலையிலேயே ஏணியோடு வந்துவிட்டான். குடியிருப்பு வாசலில் அழகுக்கென்று நட்ட வெளிநாட்டுப் பனை அது. காய்ந்த ஓலைகள் உதிராமல், இரண்டாள் உயரத்துக்குப் பாவாடை கட்டியதுபோல் தொங்கின. அதற்குள் மைனா, வௌவால், அணில், மரநாய், ஆந்தை எல்லாம் குடித்தனம். குடிவராத ஜீவன் யானை ஒன்றுதான். அத்தனையும் சொல்லிவைத்தாற்போல் சங்கச் செயலாளரின் புதுக் கார்மேல்தான் எச்சமிட்டன.

"குஞ்சு பொரிச்சிருக்கு சார். ஒரு மாசம் போகட்டுமே."

"குஞ்சுக்காகவா நான் கார் வாங்கினேன்? ஏறுய்யா. ஏணியை நான் பிடிச்சுக்கறேன்."

பிடித்தார், கார் பானட்டில் சொத்தென்று ஒன்று விழும்வரை. விட்டார் ஓட்டம், கைக்குட்டையோடு. ஏணி சரிந்தது. ஓலையைப் பற்றித் தொங்கியவன்மேல் ஒரு லாரி ஓலை மொத்தமாய் இறங்கி மூடிக்கொண்டது.

"சார்... ஏணியைப் பிடிச்சிருக்கீங்களா?"

மூன்று முறை கேட்டான். நாலாவதுக்கு மூச்சு இல்லை.

"கையை எடுக்கவே இல்லைங்க" என்று செயலாளர் அழுத அழகில், விசாரிக்க வந்த போலீஸ்காரரே மூக்கைச் சிந்தினார்.

எட்டாம் நாள், பட்டப்பகலில், மரம் பேசியது.

"சார்... ஏணியைப் பிடிச்சிருக்கீங்களா?"

மைனாதான். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் சனியன். ஆனால் அதே கமறல், அதே திணறல். குடியிருப்பே ஜன்னலுக்கு வந்து காது கொடுத்தது.

"நீங்க பிடிச்சிருந்தா அவன் ஏங்க கேட்கணும்?" என்றாள் செயலாளரின் மனைவி.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் நாலு நாள் அது கத்தினால் போலீஸ் காதுக்கும் போய்விடும். மறுநாள் மதியம் வலையோடு அவரே ஏறினார். ஏணியடியில் மனைவி.

மிச்சமிருந்த ஓலைக்குள் தலையை நுழைத்தார். எச்ச நாற்றம். காய்ந்த இருட்டு. கூடுகள் காலி. ஒரு மைனாகூட இல்லை.

ஏதோ மூச்சு விட்டது.

"ஏய்... பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன் சார்."

பதில் கீழேயிருந்து வரவில்லை. காதோரத்தில் வந்தது.

குனிந்து பார்த்தார். மனைவி நிதானமாகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஓலை இறங்கியது.

மரத்தை வேரோடு எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே வெறும் சிமெண்டுத் தரை; பறவை நிழல்கூட விழுவதில்லை. ஆனாலும் மதியத்தில் அதைக் கடப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஏணி உயரத்தில், ஒன்றுமே இல்லாத வெயிலில், ஒரு குரல் கெஞ்சுகிறது.

"பிடிச்சிருக்கியா?"

இன்னொன்று, சாவகாசமாக:

"இன்னும் ஒரு படி, சார்."