தோல் உரித்த கடலை

அந்த வீட்டில் எந்நேரமும் கடலை வறுபடும் மணம்தான். அப்பா அடுப்படியில் வறுப்பார். அம்மா பொட்டலம் கட்டுவார். இரண்டு பேரும் தெருமுனைக் கடையில் வைத்து விற்பார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் கூடையில் அடுக்கிக் கொடுப்பாள்.

அவளுடைய தம்பிக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். குடலில் ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அவனிடம் எந்தச் சேட்டையும் இல்லை. மூன்று வேளையும் கஞ்சி, இல்லாவிட்டால் குழைந்த சோறு. கடலை, பட்டாணி எதையும் கண்ணில் காட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் அக்கா பள்ளியிலிருந்து வந்தபோது வாலு கட்டிலில் சுருண்டு கிடந்தான். தலையணை ஓரத்தில் ஒரு கடலைப் பொட்டலம். பாதி காலி.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"வாசனை தாங்கலக்கா. யார்கிட்டயும் சொல்லாத. மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவாங்க. சத்தியம் பண்ணு!"

அவன் அழுததைப் பார்த்து அவள் சத்தியம் செய்துவிட்டாள்.

சற்று நேரத்தில் அவன் வாந்தி எடுத்தான். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இறுகியிருந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"அம்மா, வாலு கடலை தின்னுட்டான்!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். "நல்லவேளை, உடனே சொல்லிட்டியேம்மா. குடல் அடைச்சிருக்கு."

கத்தி வைக்காமலே அடைப்பு விட்டது. ஆனாலும் மூக்கில் குழாயோடு வாலு பல நாள் பட்டினி கிடந்தான். "நான் வறுத்தது, என் பிள்ளைக்கே..." என்று அப்பா வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா உள்ளே போனதும் வாலு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "சத்தியம் பண்ணிட்டு சொல்லிட்டல்ல? போ!"

வீட்டுக்கு வந்த பிறகும் அவளோடு பேசவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒரு காரியம் செய்தாள்.

"அப்பா, இனிமே கடையிலயே வறுங்களேன். இந்த வாசனையில அவன் எப்படிக் கஞ்சி குடிப்பான்?"

"கடையில இடம் ஏதுடி?" என்றார் அம்மா. அப்பா வாணலியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்சிடம் கேட்டாள். "அவனுக்கு இனிமே கடலையே கிடையாதா?"

"குடல் ஆறட்டும்மா. அப்புறம் டாக்டர் சரின்னா, ஊறவச்சு, குழைய வேகவச்சு, தோலை எடுத்து மசிச்சுக் குடு. ஒரே ஒரு ஸ்பூன்தான்."

டாக்டர் சரி என்று சொல்ல வெகுநாளாயிற்று. அன்று அவள் வெந்த கடலையை ஒவ்வொன்றாகத் தோல் உரித்து, கட்டியில்லாமல் மசித்து, அவன் முன் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

வாலு கிண்ணத்தைப் பார்த்தான். ஸ்பூனை மெதுவாக வாயில் வைத்தான். நெடுநேரம் சுவைத்தான்.

"உப்பே இல்லக்கா," என்றான்.

அவள் உப்பு எடுக்க ஓடினாள்.