போகிப் புகையில் ஒரு விளக்கு

ஜீப்பை ஓடுபாதையில் ஏற்றியதுமே கன்னியப்பனுக்குப் பச்சைப்புல் வாசனை அடித்தது. அங்கே புல் வெட்டிப் பல மாதம் ஆகியிருந்தது. அதுவும் எழுபத்தொன்றாம் வருஷத்துப் போகி விடியலில், ஆவடித் தெருக்களில் கொளுத்திய பாயும் துடைப்பமும் டயரும் புகையாகிப் பனியோடு கலந்து மூக்கை அடைத்துக்கொண்டிருக்கும்போது, அறுத்த புல் எங்கிருந்து மணக்கும்?

விமானம் இறங்குமுன் ஜீப்பில் ஒரு நடை போய் மாடு, நாய்களை விரட்டிவிட்டு வருவது அவன் வேலை. போன புரட்டாசியில், புல் வெட்டும் டிராக்டரோடு பால்ராஜ் குறுக்கே வந்து, இறங்கிய விமானம் அவனை வாரிக்கொண்டு போனதிலிருந்து அந்த வேலையில் யாருக்கும் அசட்டை கிடையாது.

வயர்லெஸ் கரகரத்தது. டவரிலிருந்து ராஜசேகரன்.

“கன்னியப்பா, உன் பின்னால இன்னாய்யா இன்னொரு விளக்கு வந்துகினு கீது?”

திரும்பிப் பார்த்தான். புகைதான்.

“யாரும் இல்ல சார்.”

“டிராக்டர் மாதிரி கீது. ரெண்டு பேரும் ஓரமா எறங்குங்க. பிளேன் வந்துடுச்சு. மறுபடி சுத்தறதுக்கு பெட்ரோல் இல்லியாம்.”

இடப்பக்கம் ஒடித்தான். சக்கரத்தடியில் தரை மெத்தென்று அமுங்கியது. புல் நசுங்கும் சரசரப்பு கேட்டது. பச்சை வாடை கூடியது. நன்றாக உள்ளே தள்ளி வந்தாயிற்று என்று மனம் நம்பிய பிறகே இன்ஜினை அணைத்தான்.

சத்தம் நிற்கவில்லை. பின்னால் எங்கோ டிராக்டர் ஒன்று டுக்டுக்கென்று, அவசரமே இல்லாமல், நெருங்கியது. பக்கத்தில் வந்தது. நின்றது.

“எறங்கிட்டேன் சார். புல்லு மேல கீறேன்.”

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது.

“டிராக்டர் எறங்கிடுச்சு. நீதான் நடுவுல நிக்கற.”

“சத்தியமா புல்லு மேல கீறேன் சார்!”

“உன் விளக்கு நட்டநடுவுல எரியுதுய்யா! எடு! வண்டிய எடு!”

குனிந்தான். புல் இல்லை. கருந்தார். ஜீப்புக்கு நேர் கீழே நீண்ட வெள்ளைக் கோடு.

சாவியைத் திருகினான். செத்துக் கிடந்தது ஜீப். குதிக்கக் காலைத் தூக்கினான்.

பின்சீட்டிலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. சில்லென்ற கை. விரலிடுக்கெல்லாம் புல்.

“குந்து, அண்ணாத்தே.”

எதிரே புகை வெளுத்தது. இரண்டு விளக்குகள். தாழ்ந்து. இன்னும் தாழ்ந்து.