இரண்டாவது கட்டத்தில் லிசி

நான்கு மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்ததாக நோட்டின் இரண்டாவது கட்டத்தில் கையெழுத்து இருந்தது. மணி மூன்றரைதான். மகாலட்சுமி இன்னும் சடகோபன் சார் பக்கத்தில்கூடப் போகவில்லை.

பக்கவாதத்தில் விழுந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் அவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். மகள் ஹம்ஸா பேங்குக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவாள். அதுவரை ஸ்ரீரங்கத்தின் அந்த நீள வீட்டில் அவரும் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த மகாலட்சுமியும்தான்.

எழ முடியாத நோயாளியை இரண்டு பேர் சேர்ந்துதான் புரட்ட வேண்டும் என்பது லைசென்ஸ் விதி. கே.கே. நகரில் ஹோம்நர்ஸ் ஏஜென்சி நடத்தும் பிரவீன்ராஜ் அனுப்பியதோ ஒரே ஆள். நோட்டில் இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்து, முதலாவதில் அவள் பேரையும் இரண்டாவதில் ஏதாவது ஒரு பேரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார். விதி பாட்டுக்கு விதி, வேலை பாட்டுக்கு வேலை. அவள் லிசி என்று எழுதினாள். அந்தப் பேரில் அவளுக்கு யாரையும் தெரியாது. எழுத்து ஒன்றுபோல் இருக்கக் கூடாதே என்று இடது கையால் எழுதினாள். ஒன்றரை மாதமாக, ஒரு நாளைக்கு ஐந்து லிசி.

இன்று நான்கு மணிக்கு லைசென்ஸ் அதிகாரி வருகிறார். பொய் தெரிந்தால் அவளுடைய பயிற்சிச் சான்றிதழ் போய்விடும். மறுபடி அரியமங்கலம் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டப் போக வேண்டியதுதான். மடியில் கனம் இருந்தது. வழியெல்லாம் பயமாக இருந்தது. இந்த நான்கு மணி லிசியை அவள் எழுதவில்லை. தன்னை மாட்டிவிட பிரவீன்ராஜ் ஆள் வைத்திருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டாள். பிறகு, காலையில் ஹம்ஸா எழுதிவிட்டுப் போயிருப்பாளோ என்று நினைத்தாள். கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மை ஒட்டியது.

வாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கொல்லைக் கதவும் அப்படியே. டெட்டாலும் பவுடரும் கலந்த வாசனைக்கு நடுவே, சுவர்க் கடிகாரத்தின் சத்தத்துக்கும் தெருவில் போகும் ஆட்டோவின் சத்தத்துக்கும் அடியில், யாரோ ஈரக் கையைப் புடவையில் துடைப்பதைப் போல ஓர் ஓசை வந்து, அவள் காது கொடுத்ததும் நின்றுவிட்டது.

யாராவது வந்தார்களா என்று சாரிடம் கேட்டாள். அவர் கோணிய வாயால் நிதானமாகச் சொன்னார்.

"உன்னோட இருக்காளே, அவதான். நீ இழுக்கறச்சே அந்தண்டை பிடிச்சுக்கறா. கைதான் ஜில்லுனு இருக்கு."

மகாலட்சுமி கட்டிலின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நாளாகப் புரட்டும்போது அவர் லேசாக இருந்தார். இளைக்கிறாரோ என்று பயந்து கஞ்சியைக் கூட்டிக் கொடுத்திருந்தாள். அவர் இளைக்கவில்லை.

வேலை போனால் போகட்டும், அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு லிசியாகக் கோடு போட்டு அடித்தாள். கடைசி லிசியை அடித்தபோது மணி நான்கு.

கட்டிலின் இந்தப் பக்கம் நின்று, அவருக்கு அடியில் கிடந்த விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். தனியாக. இழுத்தாள்.

கனம் இல்லை.

அந்தப் பக்கம் விரிப்பு உயர்ந்தது. நான்கு மடிப்பு விழுந்தது. நான்கு விரல் பிடித்தால் விழுகிற மடிப்பு.

விட்டுவிட நினைத்தாள். விட்டால் அவர் விழுந்துவிடுவார்.

காலிங் பெல் அடித்தது.

"லிசி, யாரோ வந்திருக்கா. பாரும்மா" என்றார் சடகோபன், அந்தப் பக்கம் பார்த்து. அந்தப் பேரை மகாலட்சுமி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

விரிப்பின் அந்த ஓரம் மெல்லத் தாழ்ந்தது. மேஜையில் நோட்டு திறந்து கிடந்தது. இப்போது முதல் கட்டத்திலும் கோடுகள். மகாலட்சுமி, மகாலட்சுமி, மகாலட்சுமி. எல்லாம் அடித்திருந்தது.

சார் என்று கத்தினாள். அவர் திரும்பவில்லை.

வாசலில் தாழ்ப்பாள் விலகியது. இங்கே எத்தனை பேர் வேலை பார்க்கிறீர்கள் என்று அதிகாரி கேட்பது கேட்டது.

"நான் மட்டும்தாங்க" என்றது ஒரு பெண்குரல்.

மகாலட்சுமி குனிந்து பார்த்தாள். விரிப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் விரல்களுக்கு அடியில் ஒரு மடிப்புகூட விழவில்லை.