உரிமையாளரின் விரல்

கருமாதிச் சாப்பாட்டு இலைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத படுக்கையறையில் ஏசி தானாக ஓடத் தொடங்கியது. இளமதி போய்ப் பார்த்தாள். பதினெட்டு. செத்துப்போன அவள் புருஷன் மணவாளனுக்குப் பிடித்த குளிர். அவளுக்கு அந்தக் குளிரில் ராத்திரியெல்லாம் முட்டி வலிக்கும். ரிமோட் மேசையில் கிடந்தது, யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. அணைத்துவிட்டு வந்தாள். முந்தாநாள் சாயங்காலம் இப்படித்தான் குளியலறைக் கீசர் ஓடியது. சுவருக்குள் தண்ணீர் சூடேறும் அந்தச் சன்னமான முனகலைக் கூடத்தில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். துக்கத்துக்கு வந்த பெண்களில் யாரோ போட்டிருப்பார்கள் என்று அப்போது விட்டுவிட்டாள்.

சிதம்பரத்தில் இந்த வீட்டைக் கட்டியபோதே மணவாளன் எல்லாவற்றையும் தன் போனோடு முடிச்சுப் போட்டிருந்தான். சொந்த ஊரான பெண்ணாடத்தில் கரும்பு லாரி ஏஜெண்ட் வேலை. சாயங்காலம் பைக்கில் திரும்பும்போது அந்தப் போன் சேத்தியாத்தோப்புப் பாலத்தைத் தாண்டினால் கீசர் போட்டுக்கொள்ளும். புவனகிரியைத் தாண்டினால் ஏசி. தெருமுனைக்கு வந்துவிட்டால் வாசல் விளக்கு. ராஜா வருகிறார் என்று வீடே எழுந்து நிற்கும். வாசல் பூட்டுக்கு விசுவாசம் இன்னும் ஜாஸ்தி. ஆறு மணிக்கு விழுந்துகொள்ளும். அதன்பிறகு உள்ளேயிருந்துகூடத் திறக்காது, அவன் வலது கட்டைவிரலுக்கு மட்டும்தான் திறக்கும். "ஊரு கெட்டுக் கெடக்கு. ஒன் பாதுகாப்புக்குத்தான்" என்பான். ஜன்னலெல்லாம் கம்பி. பின்கதவைச் சுவர் வைத்து அடைத்தாயிற்று. அவசரச் சாவியை அவன் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தான். பெண்டாட்டியை அவன் கைநீட்டி அடித்ததேயில்லை என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அடிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருந்ததில்லை.

நெஞ்சுவலியில் போனவனை எடுக்கும்போது, அவன் ஆசையாக வைத்திருந்த பொருளையும் கூட வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். மணவாளனின் அண்ணன் சிங்காரம், "என்னம்மா வெக்கலாம்?" என்று கேட்டதும், இளமதி யோசிக்கவேயில்லை. போனை எடுத்து, அவன் சட்டைப் பையில் தன் கையாலேயே செருகினாள். அதுவும் அரைஞாண் கயிற்றுச் சாவியும் அவனோடு பெண்ணாடத்து மண்ணுக்குள் போன நேரத்தில் இங்கே அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். நாளைக் காலையில் அவளுடைய அண்ணன் அன்பரசு கடலூரிலிருந்து வேனோடு வருவான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை பேசியிருந்தது. இன்னும் ஒரே ஒரு ராத்திரிதான்.

எல்லாரும் கிளம்பிய பிறகு, சிங்காரம் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினார்.

"அம்மாடி, மனசு கேக்கல, சொல்லிடுறேன். அன்னிக்கு மழை ஜாஸ்தி. அவசரத்துல கால்கட்டு, கைக்கட்டு அவுக்காமலே மூடிட்டோம்."

பிணத்தின் கால் கட்டைவிரல்களை ஒன்றாகவும், கைக் கட்டைவிரல்களை ஒன்றாகவும் வெள்ளைத் துணியால் கட்டுவார்கள். குழியில் இறக்கியதும் அவிழ்த்துவிட வேண்டும்.

"இனிமே என்னா செய்யறது மாமா, வுடுங்க" என்றாள். கட்டியே கிடக்கட்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

துக்க வீட்டுக் கதவை மூடக்கூடாது என்று இத்தனை நாளும் செங்கல்லால் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். காலையில் பூட்டுக் கம்பெனிக்குப் பேசியபோது, இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது, ஆறு மணிக்குள் பூட்டு உங்கள் பேருக்கு மாறிவிடும், அதற்குள் கழற்றினாலோ உடைத்தாலோ வாரண்டி கிடையாது என்று அங்கிருந்த பெண் தேனொழுகச் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் இளமதி அந்தச் செங்கல்லைக் காலால் தள்ளினாள். தன் வீட்டுக் கதவைத் தானே மூடும் அந்தச் சுகத்துக்கு எத்தனை வருஷம் ஏங்கியிருந்தாள்!

ஆறு மணிக்குப் பூட்டு விழுந்தது. விரலை வைத்தாள். சிவப்பு. புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"உங்க ரிக்வெஸ்ட் கேன்சல் ஆயிருக்கு மேடம். ஓனர் ரிஜெக்ட் பண்ணிட்டார்."

"அவுரு செத்துட்டாருங்க. சர்டிபிகேட் அனுப்பியிருக்கேனே."

கீபோர்டு தட்டும் சத்தம். "அவர் போன்லேர்ந்து இப்பதான் பதில் வந்திருக்கு மேடம். வாரண்டியைக்கூட நீட்டிச்சிருக்கார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அன்பரசுவைக் கூப்பிட்டாள். "அண்ணே, இப்பவே வாண்ணே. கதவு தெறக்கல. ஏசி தானா ஓடுது."

"ஓடுனா அமத்திட்டுப் படு. பூட்டக் கீட்ட ஒடச்சிடாத மதி, வாரண்டி போயிடும். விடியட்டும், வந்துடறேன்."

அவனுக்கும் பூட்டுதான் பெரிதாகப் போயிற்று. போனை வைத்த கையோடு படுக்கையறையில் ஏசி மறுபடியும் உறுமியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தாநாள் கீசர், சேத்தியாத்தோப்புப் பாலம். இன்றைக்கு ஏசி, புவனகிரி. பைக்கில் அரைமணி நேரப் பாதைக்கு இரண்டு நாள். கால்கட்டோடு வருகிறவன் அந்த வேகத்தில்தான் வருவான்.

அம்மிக்குழவியைத் தூக்கிவந்து பூட்டில் அடித்தாள். சிராய்ப்புக்கூட விழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எதிர்வீட்டு டிவி சீரியலில் எவளோ அவளைவிடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தாள்.

வாசல் விளக்கு எரிந்தது.

தொப்.

இரண்டு காலும் ஒன்றாக விழும் சத்தம்.

தொப்.

நின்று, மறுபடியும். தொப். மழையில் ஊறிய மண்வாடை கதவிடுக்கில் வந்தது. கூடவே புளித்த கரும்புச் சக்கை வாடை. படி ஏறியது. ஒன்று. இன்னொன்று.

வாசலில் நிற்பவரைக் காட்டும் கதவோரச் சின்னத் திரை தானாக விழித்துக்கொண்டது. முகம் தெரியவில்லை. கைகள் மட்டும். வெள்ளைத் துணியில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைவிரல்கள். மேலே வந்தன. பூட்டின் கண்ணாடியில் அழுந்தின.

"விரல் சரியாகப் பதியவில்லை" என்றது பூட்டு, எப்போதும்போல் கனிவாக. "துடைத்துவிட்டு மீண்டும் வைக்கவும்."

இளமதி அந்தப் பூட்டைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இத்தனை வருஷமும் அவள் சபித்த பூட்டு. தெறக்காத. என் தாயே, தெறக்காத.

திரையில், கோடி வேட்டியில் கட்டைவிரல்கள் தேய்ந்தன. நிதானமாக. ஊறிய மேல்தோல் துணியோடு போயிற்று, அடியில் ரேகை தெளிவாக இருந்தது. மறுபடியும் கண்ணாடிக்கு வந்தன.

பச்சை.

"நல்வரவு, மணவாளன்."