குகைக்கு இருபத்திரண்டு நிமிடம்

"குகைத் தண்ணியை வடிச்சுட்டுத் தேடுங்க சார்."

கேட்டேவிட்டாள். பதினொரு மாதமாகத் தொண்டையில் முள்ளாக நின்றது மேலாளரின் மேசைமேல் போய் விழுந்தது. இதை மட்டும் கேட்காதே என்று அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தாள். "சம்பளத்தைக் கூட்டிக் கேளு, லீவு கேளு, அந்தாளு போட்டிருக்கற சட்டையைக்கூடக் கழட்டிக் கேளு. இதைக் கேட்டுராத." அம்மாவுக்கும் சோறு போடுவது இதே படகு நிறுவனம்தான். பின்கட்டுச் சமையலறையில் பயணிகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுகிறாள். மகளின் வாய் நீண்டால் அம்மாவின் வேலை போகும்.

மேலாளர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"வடிக்க நாலு நாள். திரும்ப நிரப்ப ஆறு நாள். ஞாயித்துக்கிழமை நாப்பத்திரண்டு பேர் வராங்க. அவங்களை என்ன, சேத்துல சறுக்கிவிடவா?"

"தள்ளி வைங்க."

"நெட்டை உள்ள இல்லம்மா. விசாரணையே முடிஞ்சுபோச்சு. அன்னைக்குப் படகு ஒழுங்கா வெளிய வந்துச்சா இல்லியா? நடுக்குகையில அவன் விழுந்திருந்தா, மிச்ச தூரம் படகை யாரு தள்ளுனது?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்தப் பக்கம் எறங்கி எங்கியோ போயிட்டான். ஆம்பளைங்க போறதுதான். படிச்ச பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா?"

நெட்டை என்பது அவளுடைய அப்பா. ஆறடிக்கு மேலே நான்கு விரற்கடை. வீட்டு நிலைப்படியில் இடிக்காமல் ஒருநாளும் நுழைந்ததில்லை.

குகை என்று எல்லோரும் சொன்னாலும் அது குகை இல்லை. குன்றைக் குடைந்து, செங்கல் வளைவு கட்டி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் கால்வாயை உள்ளே விட்டிருந்தார்கள். ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே நடக்க வழி கிடையாது. இயந்திரம் ஓட்டினால் புகை அடைக்கும், செங்கல் உதிரும். அதனால் படகின் முனையில் ஒருவர் நின்று, கழியைச் சுவரில் ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டே போகவேண்டும். நுழைந்ததும் விளக்கையும் அணைத்துவிடுவார்கள். 'முழு இருட்டின் அனுபவம்' என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. அந்த அனுபவத்துக்குள் பன்னிரண்டு பயணிகளோடு போன அப்பா வெளியே வரவில்லை. படகு வந்தது, பன்னிரண்டு பேரும் வந்தார்கள். ஒன்றும் தெரியாது, அலுங்காமல் குலுங்காமல் வந்தோம் என்றார்கள். மூன்றாம் நாள் அப்பாவின் கழி நுழைவாய்ப் பக்கம் மிதந்து வந்தது. ஒரு பகல் தேடிவிட்டு, அடியில் ஆளுயரச் சேறு என்று கைகழுவினார்கள்.

"கழி இந்தப் பக்கம் கெடந்துச்சு. கழியில்லாம அந்தப் பக்கம் எப்படிப் போனாரு?"

"அதை அவன்கிட்டதான் கேக்கணும்," என்றார் மேலாளர். "போ, அட்டவணையை முடி. நாலு மணிக்கு எனக்கு வேணும்."

அவள் தன் அறைக்கு வந்தாள். அறை என்று சொல்வது மரியாதைக்கு. பழைய சுங்கச் சாவடியில் ஒரு மூலை. கால்வாயின் ஈரத்தைக் குடித்துக் குடித்துச் சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டும்போது மூன்று ஆணி வளைந்து நான்காவதுதான் சுவரில் நின்றது. அவர் போன மறுமாதம் நிறுவனம் அவளுக்கு இந்த நாற்காலியைக் கொடுத்தது. உதவி என்று ஊர் சொன்னது. வாயில் வைத்த துணி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்தாள். வாடகை கொடுக்க வேறு வழியில்லை.

வெளியே மழை பிடித்திருந்தது. மூன்று மணிக்கே விளக்குப் போடவேண்டிய இருட்டு. தொலைபேசி அடித்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சங்கத்தின் செயலாளர், காலையிலிருந்து ஏழாவது முறை.

"ஒண்ணும் இல்லம்மா, அந்தக் கணக்கு வாத்தியாரும் அவர் சம்சாரமும் ஒரே படகு வேண்டாமாம்."

"சண்டையா சார்?"

"முப்பத்தெட்டு வருஷமா. அப்புறம் நம்ம தலைமையாசிரியை முன்னாடி உக்காரணுமாம்."

"அவங்க எடை சொல்லலியே."

"நான் கேட்டேன்னா என் எடை கொறஞ்சிடும்மா. நீயே பாத்து நடுவுல போடு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலைமையாசிரியையை இரண்டாம் படகின் நடுப்பலகையில் எழுதினாள். கனமானவர்கள் நடுவில், முழங்கால் வலிக்காரர்கள் இறங்கும் பக்கம். நான்கு படகு, படகுக்குப் பத்துப் பதினொரு பேர். படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம். அடுத்தது குகை.

அங்கேதான் பேனா நின்றது.

குகைக்குள் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் போகலாம். உள்ளே போகும் நேரத்தை இந்த முனையில் ஒரு ஏட்டில் எழுதுவார்கள். வெளியே வரும் நேரத்தை அந்த முனையில் மதகுக்காரர் தன் ஏட்டில் எழுதுவார். தனிப் படகுகளுக்கு இரண்டு ஏட்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கூட்டப் பயணம் என்றால்தான், எத்தனை நிமிட இடைவெளி விடுவது என்று தெரிய, இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும். அவள் வேலைக்கு வந்தபின் முதல் கூட்டப் பயணம் இது. அந்த முனை ஏடு காலையில்தான் வந்திருந்தது. அட்டையில் பாசி நாற்றம்.

பழைய பக்கங்களில் எல்லாம் சரியாக இருந்தது. முப்பத்தைந்து நிமிடம், முப்பத்தொன்பது. எதிர்க்காற்று அடித்தால் நாற்பத்து மூன்று. அப்பா மட்டும் எப்போதும் இருபத்திரண்டு. அந்த நீளக் கை வேறு யாருக்கு இருந்தது?

அப்பா காணாமல்போன தேதியைத் தாண்டிப் பக்கத்தைத் திருப்பினாள்.

இருபத்திரண்டு. அடுத்தது இருபத்திரண்டு. குட்டையான படகுக்காரர், இருபத்திரண்டு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவன், இருபத்திரண்டு. எதிர்க்காற்று அடித்த நாளும் அதே. விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். பதினொரு மாதம். நூற்றுக்கணக்கான நடை. ஒன்றுகூடப் பிசகவில்லை.

விரல் குளிர்ந்தது. ஏட்டின் ஈரம் என்று சொல்லிக்கொண்டாள்.

எடுத்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினாள். அவர் இரண்டு ஏட்டையும் பார்த்தார். வியப்பே இல்லாமல் பார்த்தார்.

"நல்லதுதான? முப்பத்தஞ்சு போட்டா ஒரு நாளைக்கு அஞ்சு நடை. இருபத்திரண்டுன்னா எட்டு. இருபத்திரண்டுன்னே போடு."

"எப்படி சார் எல்லாருக்கும் ஒரே நேரம்?"

"ஓடிக்கிட்டிருக்கறதை ஏன்மா நிறுத்தி நிறுத்திப் பாக்கற?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவர் காலடியில் இருந்த மின்கணப்பு சிவப்பாக எரிந்தும் அந்த அறை குளிர்ந்து கிடந்தது.

திரும்பி வந்து எழுதினாள். கோபத்தில் கை தானாக ஓடியது. முதல் படகு ஒன்பதுக்கு உள்ளே, ஒன்பது இருபத்திரண்டுக்கு வெளியே. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. பிற்பகலில் அதே வரிசையில் திரும்புதல். எட்டு நடை. கீழே கோடு போட்டாள். பிறகு அந்த முனைக்குத் தொலைபேசி போட்டாள்.

மதகுக்காரர் அப்பாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். அவளுக்கு மாமா. ஆள் குறைந்த நாளில் படகும் தள்ளுவார். இன்று அவரிடம் ஒரு சோதனை ஓட்டம் இருந்தது. பயணிகளுக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றிய படகு, ஓட்டுவது புதுப் பையன்.

"சோதனைப் படகு வந்துச்சா மாமா?"

"இப்பதான் வந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது, இரண்டு முனையிலும் ஒரே மழை.

"இருபத்திரண்டா?"

"ஏம்மா அதெல்லாம் தோண்டற."

"மாமா, உண்மையைச் சொல்லு. அங்க யாரு தள்றா?"

"நாங்க யாரும் உள்ள தள்றதில்ல தாயீ. ரெண்டு வளைவு தாண்டினதும் கழி கனமாயிடும், கை ஓடாது. எடுத்து மடியில வச்சுக்குவோம். படகு பாட்டுக்குப் போகும். ஆளாளுக்கு மொதல்ல தனக்கு மட்டும்னு நெனைச்சோம். அப்புறம் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டோம். பேசிக்கல."

"பதினொரு மாசமா?"

"உங்கம்மாகிட்ட எந்த வாயால சொல்றது?"

அவள் அட்டவணையைப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை. எட்டு நடை. தன் கையெழுத்து. குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். படித்த பெண்ணின் கையெழுத்து.

"வெளிச்சம் வர்ற எடத்துல நின்னுடும்," என்றார் மாமா. "எப்பவும் நின்னுடும். மிச்சத்தை நாங்க தள்ளிக்குவோம். இன்னைக்கு…"

"இன்னைக்கு என்ன?"

"கரை வரைக்கும் வந்துருச்சு. பையன் எறங்கி ஓடிட்டான். படகு கரைல நிக்குது. பின்பலகையில…"

"சொல்லு மாமா."

"கை இருக்கு."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ரெண்டு கை. தண்ணிக்குள்ளேருந்து பலகையைப் புடிச்சிருக்கு. நீளக் கை. வெரல்ல சதை இல்ல தாயீ. செவுத்துல தேச்சுத் தேச்சு… நுனியெல்லாம் போயிருச்சு. எலும்புதான் இருக்கு, வெள்ளையா. விடமாட்டேங்குது. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன். போதும்டா, விட்டுருடான்னேன்."

மாமா அழுதார். பெரிய மனிதர் அழுவது தொலைபேசியில் வேறு எதுவோ போல இருந்தது.

பிறகு அழுகை நின்றது.

"நகருது," என்றார்.

"எது?"

"படகு. திரும்புது. யாரும் ஏறல. மறுபடி உள்ள போகுது தாயீ. உங்க பக்கம்."

தொலைபேசி வழியாகவே உரசல் கேட்டது அவளுக்கு. செங்கல்லில் எதையோ இழுத்து இழுத்துத் தேய்க்கிற சத்தம். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் சாக்கட்டி தீர்ந்து நகம் படுமே, அது. ஒன்று. இடைவெளி. இன்னொன்று. அப்பாவின் வீச்சு. அவசரமே இல்லாத வீச்சு. பிறகு குகை அதை விழுங்கியது.

ரிசீவரை வைத்தாள். வாசலில் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"அவன் உசுரோட இருந்தப்பவும் இதத்தாம்மா செஞ்சான்." கெஞ்சுவது போலிருந்தது குரல். "யாருக்கு என்ன நஷ்டம்? அட்டவணையைக் குடு."

செத்தும் விடமாட்டீர்களா என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. இவ்வளவு நாளும் அப்பாவை வெளியே எடுக்கவேண்டும் என்றுதான் அழுதிருந்தாள், ஒரு பிணமாக, அம்மா பார்த்து அழுது முடிக்க ஒரு முகமாக. தண்ணீர் இருக்கும்வரை படகு வரும். படகு வரும்வரை அவர் தள்ளுவார். வரச்சொல்லி நேரம் குறித்துக் கொடுத்திருந்தவள் மகள்.

தாளை எடுத்தாள். குறுக்கே கிழித்தாள். மேலாளரின் காலடியில் போட்டாள்.

கதவுக்குப் பின்னால் சுவரில், கால்வாய் நீரை வெளியேற்றும் வடிமதகின் இரும்புத் திருகுகோல் சாத்தியிருந்தது. பத்து மாதமாகத் தினமும் அதைப் பார்த்திருந்தாள். இரண்டு ஆள் தூக்கும் கனம் என்று சொல்வார்கள். தோளில் ஏற்றினாள். ஏறியது.

"ஏய், அதைத் தொறந்தா சீசனே போச்சு. உங்கம்மா வேலையை யோசிச்சியா?"

சமையலறைச் சன்னல் வழியாக அம்மா பார்த்தாள். கையில் பாதி மடித்த பொட்டலம். மகளின் தோளில் என்ன என்று பார்த்தாள். வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

அவள் மழைக்குள் இறங்கி வடிமதகை நோக்கி நடந்தாள். இடது கைப்பக்கம் குகையின் வாய். உள்ளே இருட்டு. அதன் விளிம்பில், ஆளில்லாத படகின் மூக்கு, மணல் மூட்டைகளோடு, மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு நிமிடம் ஆகவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதன் பின்னால், வெளிச்சத்துக்குள், நீரைப் பிளந்துகொண்டு ஒரு தலை எழுந்தது. வளைவின் செங்கல்லில் இடிக்காமல் குனிந்தது.

அவள் நிற்கவில்லை.